தண்ணீர் குறித்து வாரியத்தின் முடிவு

பாடநூல் வாரியத்தின் அச்சுப் பிரிவில் சுத்தத்துக்குப் பேர்போன ஒரு மெய்ப்புத் திருத்துநர் இருந்தார். தாளில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்தாலும் அவருக்குப் பொறுக்காது. மேல்வகுப்பு வேதியியல் புத்தகத்தின் பக்கங்கள் அவர் மேசைக்கு வந்தபோது, தண்ணீர் மூலக்கூறுகளின் படத்தில் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவே வரிசையாகப் புள்ளிகள் இருப்பதைக் கண்டார். ஒரு தண்ணீர் மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை இழுத்துப் பிடித்துக்கொள்வதைக் காட்டும் புள்ளிக்கோடு அது. ஹைட்ரஜன் பிணைப்பு என்பார்கள். அவருக்கு மசி தெறித்த மாதிரி பட்டது. உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக அழித்தார்.

புள்ளிகள் போன பிறகு ‘ஹைட்ரஜன் பிணைப்பு’ என்ற பெயரும் அதன் அம்புக்குறியும் அந்தரத்தில் தொங்கின. அடுத்த மேசைக்காரர் இரக்கப்பட்டு அந்த அம்பைக் கைக்கெட்டிய கோட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அது மூலக்கூறுக்கு உள்ளே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கட்டிவைக்கும் கோடு. அதன் பெயர் சகப்பிணைப்பு, அது வேறு சமாச்சாரம். மூன்றாவது மேசைக்காரர் படம் ஒன்று சொல்கிறது, பாடம் ஒன்று சொல்கிறது என்று கண்டுபிடித்தார். படம் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது. பாடத்தைத் திருத்தினார்.

இப்படி மூன்று பேரும் தத்தம் கடமையைச் செய்ததில், தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையே இருந்த உறவு அறுந்துபோனது. அந்த வருஷமே பொதுத் தேர்வில் கேள்வியும் வந்தது: ‘ஹைட்ரஜன் பிணைப்பு எங்கே உள்ளது?’ இரண்டு மதிப்பெண்.

பெண்கள் பள்ளி வேதியியல் டீச்சர் வீட்டில் தங்கி அவருடைய தங்கை மகள் படித்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு வெளியூரில் தையல் ஆலை வேலை. தேர்வுக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“பெரியம்மா, அந்தத் தண்ணி கேள்வி வந்தா புத்தகத்துல இருக்கறத எழுதட்டுமா, நீங்க சொன்னத எழுதட்டுமா?”

“சரியானத எழுது” என்றார் டீச்சர்.

சரியானதை எழுதினாள். இரண்டு மதிப்பெண் போனது. மருந்தாளுநர் கல்லூரியில் இடம் ஒரு மதிப்பெண்ணில் தவறியது. அவள் அழவில்லை, பெரியம்மாவை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கல்லூரிக்காரர்கள் அனுப்பியிருந்த வழவழப்பான கையேட்டை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அண்டை கொடுத்தாள். மேசை ஆட்டம் நின்றது. அதில் உட்கார்ந்து சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனார். கீழ்த்தளத்தில் ‘பிழை சுட்டும் பிரிவு’ என்று ஒரு சன்னல் இருந்தது. உள்ளே இருந்தவர் மரியாதையானவர்.

“தாராளமா புகார் குடுக்கலாம்மா. ஆனா எந்தப் பிழைங்கறத, வாரியம் ஒத்துக்கிட்ட பிழைப் பட்டியல்லேருந்து நீங்க தேர்ந்தெடுக்கணும்.”

“பட்டியல்ல என்னென்ன இருக்கு?”

“இப்போதைக்கு ஒண்ணுமில்லம்மா. வாரியம் இதுவரைக்கும் பிழை பண்ணினதில்ல.”

டீச்சர் விடவில்லை. சன்னல் சன்னலாக ஏறி இறங்கினார். இவர் தொல்லை பொறுக்காமல் கடைசியில் ஒரு விசாரணை வைத்தார்கள். நீண்ட மேசையின் ஒரு கோடியில் தலைவர். முதுகு அவரைவிட உயரமான நாற்காலி, மூடி போட்ட கண்ணாடி டம்ளர். அவர் வலப்பக்கம் செயலர். தலைவர் மூச்சு விட்டாலும் குறித்துக்கொள்ளும் மனிதர். மறுகோடியில் டீச்சர், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு.

தலைவர் அன்பாகத்தான் தொடங்கினார். “டீச்சர், நாப்பது லட்சம் புத்தகம் அடிச்சிருக்கோம். நாப்பது லட்சம் எடத்துல ஒரே மாதிரி இருக்கற ஒண்ணு எப்படித் தப்பாகும்? ஒரு எடத்துல இருந்தா தப்புன்னு நானே ஒத்துக்குவேன்.”

“தண்ணி அப்படி இல்ல சார்.”

“தண்ணி வாரியத்தோட கட்டுப்பாட்டுல இல்லம்மா. புத்தகம் இருக்கு.”

செயலர் படத்தின் மேல் குனிந்தார். “நீங்க என்ன சொல்றீங்கன்னா, இந்த மூலக்கூறுல இருக்கற ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறோட ஆக்சிஜன்கிட்ட ஈர்ப்பு வெச்சுக்குது.”

“ஆமா சார்.”

“அதுக்குன்னு சொந்தமா ஒரு ஆக்சிஜன் வீட்டுலேயே இருக்கும்போது?”

“ஆமா சார். அதுதான் விஷயமே.”

செயலர் பேனாவை மூடி வைத்தார். அறையில் சற்று நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“பொம்பளப் பிள்ளைங்க படிக்கற புத்தகம் டீச்சர்” என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. “குடும்பத்துக்குள்ள இருக்கற பிணைப்பச் சொல்லிக் குடுத்தா போதாதா? எதுக்கு அக்கம்பக்கம்? அதுவும் ரொம்ப பலவீனமான பிணைப்புன்னு நீங்களே மனுவுல எழுதியிருக்கீங்க. பலவீனமானத எல்லாம் சொல்லிக் குடுத்தா நாளைக்கு சமுதாயம் என்ன ஆகும்?”

“ஒண்ணொண்ணாப் பாத்தா பலவீனம் சார். கோடானுகோடி சேர்ந்துதான் தண்ணி தண்ணியா இருக்கு. இல்லேன்னா ஆவியாப் போயிருக்கும். என் தங்கச்சி பொண்ணு இதைத்தான் எழுதினா.”

“ஓ! சொந்தக்காரப் பொண்ணு!” செயலர் பேனாவைத் திறந்தார்.

அன்று மாலைக்குள் முடிவு தட்டச்சாகி வந்தது. ‘தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையே எவ்விதப் பிணைப்போ ஈர்ப்போ இல்லை. இதற்கு மாறாக வாரியத்தின் கீழுள்ள எவரும் எழுதுவதோ, சான்றளிப்பதோ, கையெழுத்திடுவதோ கூடாது. மீறினால் பணிநீக்கம்.’

டீச்சர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “எவ்வித ஈர்ப்பும்னு போட்டிருக்கீங்களே சார். எல்லா மூலக்கூறுக்கும் நடுவுல இருக்கற வாண்டர்வால்ஸ் விசையவாவது விட்டு வெச்சிருக்கலாம்.”

“யாரது?” என்றார் தலைவர் செயலரிடம். “நம்ம ஊழியரா? அவருக்கும் ஒரு நகல் அனுப்பிடுங்க.”

டீச்சருக்கும் ஒரு நகல் கிடைத்தது. கூடவே இன்னொரு காகிதம்: பள்ளியிலிருந்து விடுவித்து, தலைமை அலுவலகத்தின் பொது வசதிகள் பிரிவுக்கு மாற்றம். வகுப்பறையில் நின்று உண்மை பேசும் வாய்ப்பு இனி அவருக்கு இருக்காது என்பது ஏற்பாடு.

பொது வசதிகள் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உயரமானவர்கள் உள்ளே வந்தால் வணக்கம் சொல்கிற மாதிரி குனிந்தே நிற்க வேண்டும். வாளிகள், துடைப்பங்கள், சாவி தொலைந்த பூட்டுகள். மூலையில் ஒரு நாற்காலி. அதில் இருப்புக் காப்பாளர். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் கட்டடம் முழுக்க அவரை ‘நங்கூரம்’ என்றுதான் சொல்வார்கள்.

“இங்க என்னங்க வேலை?”

“தண்ணி, துடைப்பம், பூட்டு” என்றார் நங்கூரம். “தீர்ந்துபோனா கையெழுத்து. தீரலைன்னாலும் கையெழுத்து. வேற ஒண்ணும் கிடையாதும்மா. உக்காருங்க, பழகிடும்.”

கட்டடத்துக்குச் சொந்தக் கிணறு கிடையாது. லாரியில்தான் தண்ணீர் வரும். எப்போதோ ஓர் ஒப்பந்தக்காரர் பனிக்கட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு எடை காட்டி ஏமாற்றியிருந்தார். அதிலிருந்து ரசீதில் ஒரு வாசகம் சேர்ந்திருந்தது: ‘மேற்படி தண்ணீர் திரவ நிலையில் உள்ளது எனச் சான்றளிக்கிறேன்.’ பிரிவு அலுவலர் இதில் கையெழுத்திட்டால்தான் லாரிக்காரர் குழாயைத் திறப்பார்.

முதல் லாரி வந்தது. ஓட்டுநர் ரசீதை நீட்டினார். டீச்சர் பேனாவை வைத்தார். ‘திரவ’ என்ற சொல்லின் மேல் பேனா நின்றது. அடிவயிற்றிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று கிளம்பி, நெஞ்சு வழியாக ஏறி, உதட்டுக்கு வந்தது. தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து டீச்சர் சிரித்ததில்லை. இப்போது சிரித்தார். நங்கூரம் பயந்துபோய்ப் பார்த்தார்.

“போட முடியாதுப்பா” என்றார் டீச்சர்.

“ஏம்மா? நல்ல தண்ணிதானே?”

“ரொம்ப நல்ல தண்ணி. ஆனா அது திரவம்னு எழுதினா எனக்கு வேலை போயிடும்.”

“திரவம் இல்லாம வேற என்னம்மா?”

“வாயு.”

ஓட்டுநர் லாரி மேல் ஏறினார். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கையை விட்டு அளைந்தார். இறங்கி வந்து, கையை உதறிக்கொண்டே, “பாத்தா அப்படித் தெரியலையேம்மா” என்றார்.

“எனக்கும் தெரியலப்பா. மேல முடிவு பண்ணியிருக்காங்க.”

லாரி வந்த வழியே திரும்பிப் போனது. டீச்சர் கோப்பு ஒன்றைத் திறந்து, வகுப்பில் கரும்பலகையில் எழுதும் அதே குண்டு குண்டான எழுத்தில் குறிப்பு எழுதினார்: ‘வாரியத்தின் புத்தகத்தில் உள்ள அட்டவணைப்படி, தண்ணீரைவிடக் கனமான ஹைட்ரஜன் சல்ஃபைடே பூஜ்யத்துக்குக் கீழே அறுபது டிகிரியில் கொதித்து வாயுவாகிவிடுகிறது. அதற்காவது ஏதோ கொஞ்சம் ஈர்ப்பு உண்டு. வாரியத்தின் முடிவுப்படி ஈர்ப்பே இல்லாத தண்ணீர் இந்த அறையின் வெப்பத்தில் திரவமாக இருக்க வழியில்லை. எனவே லாரியில் வந்தது வாயு. வாயுவைத் திரவம் எனச் சான்றளிக்க இயலாத நிலையில், தக்க ஆணைக்காக மேலே சமர்ப்பிக்கப்படுகிறது.’

கோப்பு கணக்கு அதிகாரியிடம் போனது. அவர் இரண்டு முறை படித்துவிட்டு, வாயு என்றால் உருளையில்தான் வாங்க வேண்டும், லாரியில் வாங்கியது விதிமீறல் என்று ஓரத்தில் எழுதினார். உருளையில் தண்ணீர் தர ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். அடுப்பு எரிவாயு விற்கும் ஒருவர் மட்டும் வந்து, கோரிக்கையைப் படித்து, கதவைச் சாத்திக்கொண்டு போனார். கோப்பு சட்ட ஆலோசகரிடம் ஏறியது. அவர் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுச் செயலரிடம் ரகசியமாகச் சொன்னார்.

“திரவம்னு ஒத்துக்கிட்டா முடிவு தப்புன்னு ஆகும். முடிவு தப்புன்னா புத்தகம் தப்பு. புத்தகம் தப்புன்னா தேர்வு தப்பு. கோர்ட்டு வாசல்ல அம்மா அப்பாங்க வரிசையா நிப்பாங்க. வாயுவாவே இருக்கட்டும் சார்.”

வாயுவாகவே இருந்தது. மொட்டை மாடித் தொட்டி காலியானது. குழாயைத் திறந்தால் பெருமூச்சு விட்டது. கழிப்பறைக் கதவுகளில் நங்கூரம் உட்கார்ந்தபடியே எழுதிக் கொடுத்த அட்டைகள் தொங்கின: ‘பொருளின் நிலை குறித்து முடிவாகும் வரை மூடப்பட்டுள்ளது.’ சில அதிகாரிகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அனுமதியில்லாமல் வாயுவை அடைத்துக் கொண்டுவருவது தீவிபத்து விதிகளின்படி குற்றம் என்று வாசல் காவலருக்கு டீச்சர் நினைவுபடுத்தினார். காவலர் போத்தல்களை வாங்கி, வெயில் படாத இடத்தில், ஒன்றோடொன்று இடிக்காமல், மிகுந்த பயத்துடன் அடுக்கி வைத்தார்.

டீச்சர் தினமும் காலையில் வீட்டில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்காமல், அளவாகக் குடித்து, அளவாக வந்தார். இருபது வருஷம் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தவர். பூட்டிய கழிப்பறை அவருக்குப் புதிதல்ல. நாலாவது மாடி அதிகாரிகளுக்குத்தான் பழக்கமில்லை.

டீச்சரை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடலாம் என்று செயலர் யோசனை சொன்னார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ‘திரவம்’ என்று எழுதும் முதல் ஆளுக்கு முடிவின்படி பணிநீக்கம்தான். கூப்பிட்டவர்கள் எல்லாரும் விடுப்பு எழுதினார்கள். நங்கூரத்திடம் கேட்டபோது, முதல் தடவையாக எழுந்து நின்று, முதுகுவலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

உண்மை கண்டறியும் குழு ஒன்று அமைத்தார்கள். உறுப்பினர் மூவர். மேசை நடுவில் பறிமுதல் போத்தலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கப்பட்டது. ஆளுக்கொரு விரலை விட்டார்கள். இருவருக்கு ஈரமாக இருந்தது. மூன்றாமவர் பதவி உயர்வை எதிர்பார்த்திருந்ததால் கருத்துச் சொல்லவில்லை. அறிக்கை வந்தது: ‘ஈரம் உணரப்பட்டது. எனினும் உணர்வுகள் ஆதாரமாகா.’ கூட்டம் முடிந்ததும் டம்ளரைக் காணவில்லை. மூவரில் யார் குடித்தது என்று கண்டறிய இன்னொரு குழு அமைக்க வேண்டியதாயிற்று.

கீழே முற்றத்தில் ஊழியர்களைக் கூட்டித் தலைவர் பேசினார். வறண்ட உதட்டை நாக்கால் தடவித் தடவிப் பேசினார். “தாகம்ங்கறது ஒரு மனநிலை. நான் பதவிக்கு வந்த காலத்துலேருந்து எத்தனையோ இல்லாமைகள இந்த வாரியம் பாத்திருக்கு. புத்தகம் இல்லாம பள்ளிக்கூடம் நடத்தியிருக்கோம். வாத்தியார் இல்லாம தேர்ச்சி காட்டியிருக்கோம். தண்ணி இல்லாம இருக்க முடியாதா?” கைதட்டல் எழுந்தது. ஈரமில்லாத கைகள் ஆனதால் நல்ல சத்தம் வந்தது. பேச்சு முடிந்ததும் தலைவர் காருக்கு ஓடினார். எதிர்ச் சாரியில்தான் அவர் வீடு. ஆனாலும் கார்தான் வேகம்.

மறுநாள் டீச்சரைக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் இறுக்கிப் போட்டிருந்தார்.

“டீச்சர், ரசீதுல கையெழுத்துப் போடுங்க.”

“திரவம்னு எழுத்துல ஒரு ஆணை குடுங்க சார். இப்பவே போடறேன்.”

“வாய்மொழியா சொல்றேன்.”

“வாய்மொழி ஆணைய நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு நீங்கதான் சார் போன வருஷம் சுற்றறிக்கை அனுப்பினீங்க.”

“உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?”

டீச்சர் அவரை நிதானமாகப் பார்த்தார். “இருந்துச்சு சார். ரெண்டு மார்க்கோட போயிடுச்சு.”

வாரியம் அவ்வளவு சுலபமாக விழுகிற கட்டடம் இல்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைப் படித்தபோது டீச்சருக்கே ஒரு கணம் எதிராளியின் மேல் மரியாதை வந்தது. ‘முன்னர் எடுத்த முடிவுக்குப் பங்கமின்றி, நிர்வாக வசதியை முன்னிட்டு, தலைமை அலுவலக மதில் சுவருக்குள் மட்டும் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்க அனுமதிக்கப்படுகிறது.’

லாரி உள்ளே வந்தது. மதிலுக்குள் தண்ணீர் திரவம். டீச்சர் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. குழாய்கள் இருமித் துப்பிவிட்டு ஓடத் தொடங்கின. தலைவர் தாமே கீழே இறங்கி வந்து, மாடிப்படி ஓரக் குழாயில், டீச்சர் பார்க்கும்படியாக முழங்கைவரை கழுவினார்.

“பாத்தீங்களா டீச்சர்? புத்தகமும் மாறல, தண்ணியும் வந்துடுச்சு. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு அறிவியல் தெரியும். எங்களுக்கு வாக்கியம் எழுதத் தெரியும்.”

டீச்சர் அன்று வீட்டுக்குப் போனபோது தங்கை மகள் கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். கடைத்தெரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம்.

“மருந்து கலக்கற வேலையா?”

“இல்ல பெரியம்மா. அட்டைப்பெட்டி தூக்கி அலமாரில வைக்கற வேலை. மருந்தத் தொடறதுக்குப் படிச்சிருக்கணுமாம்.” சொல்லிவிட்டு, பெட்டியின் விளிம்பு கீறிய விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு சுற்றறிக்கையை எடுத்து மறுபடி படித்தார். மதில் சுவருக்குள் மட்டும். தலைவர், செயலர், சட்ட ஆலோசகர், கணக்கு அதிகாரி அத்தனை பேரின் வீடுகளும் அலுவலகத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிகள் குடியிருப்பில் இருந்தன. தொட்டி பெரிது என்பதால் அங்கே இதுவரை வற்றவில்லை. ஆனால் அங்கேயும் அதே லாரிதான் போகும். அதற்கும் அதே ரசீது. அதே கையெழுத்து.

மறுநாள் லாரி தலைமை அலுவலகத்தில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, மீதியோடு சாலையைக் கடக்கக் கிளம்பியது. டீச்சர் வாசலில் கையைக் காட்டி நிறுத்தினார்.

ஓட்டுநருக்கு இப்போது பழகிவிட்டது. “வெளிய போனா வாயுவாம்மா?”

“ஆமாப்பா.”

“சரிம்மா” என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, டீ குடிக்கப் போனார்.

டீச்சர் எதிர்பார்த்தது தலைவரை. வந்தது தலைவரின் மனைவி. அவர் வீட்டில் அப்போது அவருடைய இரண்டு அண்ணன்கள், அண்ணிகள், பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே விருந்துக்கு வந்து தங்கியிருந்தது. குடியிருப்புக்கு லாரி நின்ற மூன்றாம் நாள், தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்ட நிமிஷத்தில் குழாய் பெருமூச்சு விட்டிருக்கிறது. அந்தம்மாள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காதோரம் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்க, சாலையைக் கடந்து, காவலரைத் தள்ளிக்கொண்டு, நேரே மாடிப்படிக்கு அடியில் வந்து குனிந்து நின்றார்.

“இங்க யாரு தண்ணிக்கு அதிகாரி?”

“நான்தான்மா.”

“எங்க வீட்டுக்கு ஏன் தண்ணி வரல?”

டீச்சர் எழுந்து, வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, எதையும் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துச் சொன்னார். அழித்த புள்ளிகள், அம்பு, முடிவு, சுற்றறிக்கை, மதில். அந்தம்மாள் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இத்தனைலயும் கையெழுத்து யாரு?”

“உங்க வீட்டுக்காரர்தான்மா.”

“மேல வாங்க.”

தலைவர் அறையில் செயலரும் இருந்தார். மனைவியின் தலையைப் பார்த்ததும் தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

“என்னங்க, இந்தச் சாலையத் தாண்டினா தண்ணி ஒட்டாதாமே?”

“அது... நிர்வாக வசதிக்காக...”

“என் தலையத் தொட்டுப் பாருங்க. எது ஒட்டியிருக்கு, எது ஒட்டலைன்னு உங்களுக்கே தெரியும்.”

தலைவர் செயலர் பக்கம் திரும்பினார். “குடியிருப்பையும் சேர்த்து ஒரு திருத்தம் போடுய்யா. சீக்கிரம்!”

செயலர் எழுதத் தொடங்கிவிட்டு நிறுத்தினார். நல்ல அதிகாரி, ஓட்டை இருந்தால் விடமாட்டார். “சார், குடியிருப்பச் சேர்த்தா நடுவுல சாலை விட்டுப்போகும். நம்ம வாசலத் தாண்டினதும் லாரிக்குள்ள இருக்கற தண்ணி வாயுவாயிடும். தொட்டி வெடிச்சா யார் பொறுப்பு?”

“சாலையையும் சேரு!”

“சாலையச் சேர்த்தா, லாரி வர்ற பாலத்தையும் சேர்க்கணும் சார். பாலத்தச் சேர்த்தா கீழ ஓடற ஆறு நம்ம அனுமதி இல்லாம ஓடுதுன்னு தணிக்கைல கேப்பாங்க. ஆறு வரைக்கும் போறதா இருந்தா மழையையும்...” செயலர் சன்னல் வழியாக மேலே பார்த்தார். “மேகம் நம்ம எல்லைக்குள்ள வருமா சார்?”

தலைவர் அதையும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

அந்தம்மாள் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். மூடி போட்ட டம்ளர் குதித்தது. “மேகத்த விடுங்க. தப்பாப் போட்டுட்டோம்னு ஒரு வரி எழுதி எல்லா எடத்துக்கும் தண்ணிய விடுங்க. என் அண்ணி ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து என்னப் பாத்துச் சிரிக்கறாங்க!”

“தப்புன்னு எழுத முடியாதும்மா. வாரியத்துக்கு ஒரு கௌரவம் இருக்கு.”

“அப்போ அந்தக் கௌரவத்த மொண்டு என் தலைல ஊத்துங்க.”

எழுதினார்கள். ‘தண்ணீர் மூலக்கூறுகள் எவ்விடத்திலும் தமக்குள் ஈர்த்துக்கொள்வதில் வாரியத்துக்கு ஆட்சேபணை இல்லை.’ தலைவர் பேனாவை எடுத்தபோது டீச்சர் தொண்டையைக் கனைத்தார்.

“எப்போலேருந்து ஆட்சேபணை இல்லைன்னு போடணும் சார்.”

“இன்னிலேருந்துதான்.”

“அப்படீன்னா சுற்றறிக்கைக்கு முன்னாடி வருஷக்கணக்கா இறக்கின தண்ணியெல்லாம் வாயு. அத்தனை ரசீதும் பொய். தணிக்கைல...”

“சரி, சரி. முதல்லேருந்தே!”

“முதல்லேருந்தேன்னா தேர்வு அன்னிக்கும் ஈர்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. அப்படி எழுதின பிள்ளைங்களுக்கு ரெண்டு மார்க் தரணும். அதையும் இதுலயே எழுதிடுங்க. புத்தகத்த நம்பி எழுதினதுகளுக்குக் கொடுத்ததப் பிடுங்க வேணாம், அதுங்க மேல தப்பில்ல.”

“அதுக்குத் தனிக் கோப்பு, தனிக் குழு, மூணு மாசமாவது...” என்று செயலர் இழுத்தார்.

அந்தம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தலைவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். நுரை காய்ந்த தலைமுடி நாலா பக்கமும் விறைத்து நின்றது. “எழுதி முடிக்கற வரைக்கும் நான் இப்படியே இங்க இருக்கேன். பாக்க வர்றவங்க எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும்.”

வெளியே பார்வையாளர்கள் காத்திருந்தார்கள். செயலர் எழுதினார். டீச்சர் பின்னால் நின்று, தேர்வுத்தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். தலைவர் கையெழுத்துப் போட்டார். அவர் போடுவதை டீச்சர் கடைசி எழுத்துவரை நின்று பார்த்தார். பார்வையை நாகரிகமாக வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை.

தங்கை மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளைப் போல இன்னும் பல ஊர்களில் பல பிள்ளைகளுக்குக் கிடைத்தது. புத்தகத்தின் அடுத்த பதிப்பில் புள்ளிகள் திரும்பி வந்தன. வெளியீட்டு விழாவில் தலைவரை, தண்ணீருக்கு அனுமதி அளித்த பெருந்தகை என்று செயலர் வாழ்த்திப் பேசினார். தலைவர் அடக்கமாகத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். அவருக்கு ஒரு கேடும் வரவில்லை. வாரியத்தில் இருப்பவர்களுக்கு வராது.

டீச்சரைப் பழைய பள்ளிக்கே திருப்பி அனுப்பினார்கள். தகவல் வந்த அன்று மாலை தங்கை மகள் தேநீர் போட்டுக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். புதுப் பாடப்புத்தகங்கள் இன்னும் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தன.

“பெரியம்மா, இப்போ மனசு ஆறிடுச்சா?”

டீச்சர் ஒரு வாய் குடித்தார். நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

“இல்லடி” என்றார். “அந்த ஆளு இன்னும் ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சிருக்கலாம்.”